வராத கப்பலுக்குக் கேட்ட பெர்த்

1971 இந்திய-பாகிஸ்தான் போருக்குச் சற்று முன்பு விசாகப்பட்டினத்திலிருந்து மதராஸுக்கு ஒரு டெலிபோன் அழைப்பு வந்தது. பேசியவர் கிழக்குக் கடற்படையின் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். எதிர்முனையில் மதராஸில் கடற்படைப் பொறுப்பிலிருந்த அதிகாரி. விக்ராந்த் இப்போது விசாகப்பட்டினத்துக்கு வெளியே நிற்கிறது, அடுத்து மதராஸுக்கு வரும், போர்ட் டிரஸ்டிடம் சொல்லி ஒரு பெர்த் வாங்கி வையுங்கள், ரேஷன் கான்டிராக்டர்களிடமும் சொல்லி வையுங்கள் என்றார் கிருஷ்ணன். கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாட்டின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய டெலிபோனில் கொட்டுகிறாரே, தளபதிக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றே அவர் நினைத்தாராம். கிருஷ்ணனே இதைப் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

விக்ராந்த் வரவில்லை. வரச்சொல்லவும் இல்லை. கிருஷ்ணன் அதை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் ஒளித்துவைத்திருந்தார். கடற்படை அந்த இடத்துக்கு வைத்திருந்த மறைபெயர் போர்ட் எக்ஸ்-ரே. மதராஸ் அழைப்பு எதிரியின் காதுக்காகச் சொன்ன பொய்.

அந்தப் பொய்யின் மதிப்பு என்ன என்பதுதான் என் தேடல். போரில் உளவுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால் பெரிய பெரிய விடைகள் கிடைக்கும். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்ததால் இரண்டாம் உலகப் போர் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல், நான்கு ஆண்டுவரைகூடச் சுருங்கியிருக்கலாம் என்றார் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஹின்ஸ்லி. இன்னொரு வரலாற்றாசிரியர் ஜான் கீகன் மறுமுனையில் நின்றார்: தகவல் போரை வெல்வதில்லை, பலம்தான் வெல்கிறது என்பது அவர் கட்சி. இரண்டுமே மலையைத் தராசில் நிறுத்தும் முயற்சிகளாகத்தான் எனக்குப் பட்டன. எனக்கு வேண்டியது குண்டுமணி எடை. ஒரு டெலிபோன் அழைப்பு, ஒரு துறைமுகம், ஒரு நீர்மூழ்கி. அதிலும் நான் வளர்ந்த ராயபுரத்தின் வாசலிலேயே நடந்த கதை.

*

நீர்மூழ்கியின் பெயர் காஜி. அமெரிக்காவில் டயாப்லோ என்ற பெயரில் கட்டப்பட்டு, 1964-இல் பாகிஸ்தானுக்கு வந்து சேர்ந்தது. கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் வந்து, அங்கே தங்கி வேட்டையாடும் தூரசக்தி அன்றைய பாகிஸ்தான் நீர்மூழ்கிகளில் இது ஒன்றுக்குத்தான் இருந்தது. எனவே, விக்ராந்த் கிழக்குக் கரைக்கு வந்ததென்றால் பின்னாலேயே காஜியும் வரும் என்பதைக் கணக்குப்போட்டே சொல்லிவிடலாம். அதற்கு ஒற்றன் தேவையில்லை, கடல் வரைபடமும் எண்ணெய்க் கணக்கும் போதும். கிருஷ்ணன் அப்படித்தான் கணித்தார். பின்னால் ஓர் ஒட்டுக்கேட்பு அதை உறுதிசெய்தது. சிட்டகாங் கடற்படை அதிகாரிகளிடம் ஒரு குறிப்பிட்ட உயவு எண்ணெய் இருக்கிறதா என்று விசாரித்த செய்தி அது. நீர்மூழ்கிக்கும் கண்ணிவாரிக் கப்பலுக்கும்தான் அந்த எண்ணெய் போடுவார்கள்.

விக்ராந்தின் நிலைமையும் சுகமில்லை. பாய்லர் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. நீர்மூழ்கி துரத்தினால் ஓடித் தப்பும் கால்கள் அதற்கு இல்லை. ஆகவே ஒளித்துவைப்பதுதான் வழி. ஒளித்துவைத்த இடத்தைவிட்டு எதிரியின் கவனத்தைத் திருப்புவது அடுத்த வேலை.

இப்போது தேதிகளை வரிசையாக வைக்கிறேன். என் வழக்கு முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கிறது. நவம்பர் 13: விக்ராந்த் மதராஸை விட்டுக் கிளம்பியது. நவம்பர் 14: காஜி கராச்சியை விட்டுக் கிளம்பியது. 16-ஆம் தேதி பம்பாய்க்கு வெகு மேற்கே, 19-ஆம் தேதி இலங்கைக்கு அருகே, 20-ஆம் தேதி வங்காள விரிகுடாவுக்குள். நவம்பர் 23: மதராஸுக்கு வெளியே காஜி தேடத் தொடங்கியது. நவம்பர் 25: கராச்சியிலிருந்து அதற்கு ஒரு செய்தி. விமானந்தாங்கி துறைமுகத்தில் இருப்பதாக உளவுத் தகவல், உடனே விசாகப்பட்டினத்துக்குப் போ. டிசம்பர் 3 மாலை: மேற்கே விமானத் தாக்குதலுடன் முழுப்போர் தொடங்கியது. அன்று நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் விசாகப்பட்டினத்து வீட்டு ஜன்னல்கள் அதிரும்படி ஒரு வெடிச்சத்தம். காஜி தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு துறைமுக வாயிலுக்குச் சற்று வெளியே மூழ்கியது.

இந்த வரிசையை முதல்முறை தாளில் எழுதிப் பார்த்தபோது என் கண் நின்றது வெடிப்பில் இல்லை. 13, 14 என்ற அந்த இரண்டு தேதிகளில். இரை கிளம்பிய மறுநாள் வேடன் கிளம்புகிறான். அப்படியானால் மதராஸில் விக்ராந்த் இருப்பதாகக் கராச்சிக்குக் கிடைத்த தகவல் பொய்யில்லை. சுத்தமான உண்மை. என்ன, ஒரு நாள் பழையது. காஜி வந்துசேர்ந்தபோது பத்து நாள் பழையது. யாரோ ஒருவர் மதராஸ் கடற்கரையிலோ துறைமுகத்திலோ கண்ணால் பார்த்து, சரியாகவே சொல்லியிருக்கிறார். இருநூறு மீட்டருக்கு மேல் நீளமான கப்பலை மறைத்துவைக்க எந்தத் துறைமுகத்தாலும் முடியாது, அதுவும் ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்பினாலே கண்ணில் படும் இந்த ஹார்பரில்.

*

அழைப்பின் சுவட்டை முதலில் தரையில் தேடினேன். பெர்த் கேட்டிருந்தால் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும் அல்லவா? துறைமுகக் கணக்கு என்பது வந்த கப்பலின் கணக்கு. எந்தக் கப்பல், எத்தனை நாள், எந்த இடம், என்ன கட்டணம். வராத கப்பலுக்குக் கட்டணமும் இல்லை, கணக்கில் ஒரு வரியும் இல்லை. போதாக்குறைக்குப் போர்க்கப்பல். கன்னிமரா நூலகத்தில் அந்த மாதத்துச் செய்தித்தாள்களைப் புரட்டினால் சரக்குக் கப்பல்களின் வரத்தும் போக்கும் உண்டு. கடற்படைக் கப்பல் மட்டும் கிடையாது. அது நியாயம்தான். 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இதே கடலில் திரிந்தபோது, பிடித்த கப்பல்களில் கிடந்த இந்தியச் செய்தித்தாள்களைப் படித்துத்தான் அதன் கேப்டன் ஃபான் முல்லர் எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டார். காலணா செலவில்லாத உளவு. பிற்பாடு நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது ரேஷன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் உள்ள கப்பலுக்குக் காய்கறியும் கறியும் என்றால் சின்ன விஷயமா? அன்று மதராஸின் மொத்தக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டில் இல்லை. துறைமுகத்துக்கு நடை தூரத்தில், ஜார்ஜ் டவுன் கொத்தவால்சாவடியில் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே ஒரு பெரிய ஆர்டர் விழுந்தால் ஆறு மணிக்குள் அது மண்ணடிவரை பேச்சாகிவிடும். கிருஷ்ணன் நம்பியதும் இதைத்தான். விசாகப்பட்டினத்தில் கறியும் காய்கறியும் வழக்கத்துக்கு மேல் வாங்கச்சொல்லி, சந்தைப்பேச்சு ஒற்றர்களின் காதுக்குப் போகும் என்று காத்திருந்தார். மதராஸிலும் கான்டிராக்டர்களை உஷார்ப்படுத்தச் சொன்னார்.

கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஷிப் சாண்ட்லர் குடும்பங்கள் சில இன்னும் பாரிமுனைப் பக்கம் இருக்கின்றன. ஒரு கடையில், தகப்பனார் காலத்துப் பேரேடு ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"வந்த கப்பலுக்கே சீட்டு கெடையாது சார். வராத கப்பலுக்கு எவன் வெச்சிருப்பான்?"

அப்படிப் பெரிய ஆர்டர் வந்து ரத்தானால் என்ன செய்வீர்கள் என்றேன். "இன்னா பண்றது, பக்கத்துல நிக்கிற கப்பலுக்குத் தள்ளிவுட வேண்டியதுதான். தக்காளி காத்துகினு இருக்குமா?"

காசிமேட்டில் வேறு மாதிரி. காஜி மதராஸுக்கு வெளியே நவம்பர் 23 முதல் 25 வரை இரண்டு நாளாவது இருந்திருக்கிறது. நீர்மூழ்கி அந்தக் காலத்தில் பேட்டரி நிரப்ப நீர்மட்டத்தை ஒட்டியாவது மேலே வந்தாக வேண்டும். கட்டுமரக்காரர் யார் கண்ணிலாவது பட்டிருக்காதா? வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். அவருக்கு அப்போது இருபது வயதாம். "தண்ணிக்கு மேல கொழா மாதிரி ஒண்ணு நின்னுச்சி தம்பி. அப்பிடியே திரும்பி எங்களப் பாத்துச்சி" என்றார். எனக்குப் பேனா நடுங்கியது. மேலே கேட்கக் கேட்க அவர் நீர்மூழ்கியின் உள்ளே நடந்ததையும் சொல்லத் தொடங்கினார். கேப்டன் என்ன கத்தினார், டார்பிடோ எப்படி வளைந்து போனது, நம்முடைய நீர்மூழ்கி எப்படி அடியில் ஒளிந்திருந்தது. 2017-இல் வந்த 'தி காஜி அட்டாக்' படத்தின் கதை அது. உண்மையில் காஜியோடு எந்த இந்திய நீர்மூழ்கியும் மோதவில்லை. பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நாற்பத்தாறு வருடத்து நினைவின்மேல் இரண்டு மணிநேரப் படம் படிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் குழாய் அவர் பார்த்ததா, படத்தில் பார்த்ததா என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. 1971-ஐப் பற்றி வாய்மொழிச் சாட்சியம் தேடுகிறவர்கள் 2017-க்கு முன்பே போயிருக்க வேண்டும்.

*

அரசு ஆவணங்கள்? 2010-இல் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது: காஜி மூழ்கியது தொடர்பான கடற்படைப் பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று. அதே சமயத்தில்தான் கொல்கத்தாவிலுள்ள ராணுவக் கிழக்குத் தலைமையகத்தின் 1971 போர்க் கோப்புகளும் அழிந்துபோன விவரம் வெளியானது. 1993-இன் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி இருபத்தைந்து ஆண்டு கடந்த பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். போர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிடப் பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் தனிக் கொள்கையே வகுத்தது. அழிந்த காகிதத்துக்குக் கொள்கை என்ன செய்யும்?

ஆனால் ஒரு காகிதம் தப்பித்தது. தப்பித்த இடம்தான் வேடிக்கை. நவம்பர் 25-ஆம் தேதிச் செய்தி எந்த அலமாரியிலிருந்தும் வரவில்லை. கடலடியில் கிடந்த காஜியின் உடலுக்குள் இறங்கிய இந்திய முக்குளிப்போர் மேலே கொண்டுவந்தவற்றில் அதுவும் இருந்தது. கிருஷ்ணன் அதைத் தன் திட்டம் பலித்ததற்கு நேரடிச் சான்றாகக் காட்டுகிறார். வைஸ் அட்மிரல் ஹிரானந்தானி எழுதிய கடற்படை வரலாறும் அதை எடுத்துவைக்கிறது. மூழ்கடிக்கப்பட்ட எதிரியின் ரகசியச் செய்தியே நம் தந்திரத்துக்கு நற்சான்று கொடுப்பது உளவு வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் பாக்கியமல்ல.

சான்று என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். மீண்டும் மீண்டும் படித்தபோது ஒரு வார்த்தையும் அதில் எனக்கு வேண்டியதைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. விமானந்தாங்கி துறைமுகத்தில் இருக்கிறது என்கிறது செய்தி. யார் சொன்னார்கள், எப்போது பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. விக்ராந்த் அந்த ஆண்டின் பிற்பாதியில் உண்மையாகவே விசாகப்பட்டினத்துக்கும் மதராஸுக்கும் போய்வந்துகொண்டிருந்த கப்பல். அக்டோபர் மாதத்து ஒற்றன் ஒருவன் அனுப்பிய உண்மையான தகவல் கை மாறிக் கை மாறி நவம்பர் 25-இல் கராச்சியின் மேஜைக்கு வந்திருந்தாலும் இதே வாசகம்தான் எழுதப்பட்டிருக்கும். கிருஷ்ணனின் புதிய பொய்யை நம்பியிருந்தாலும் இதே வாசகம்தான். புளித்த உண்மைக்கும் புதுப் பொய்க்கும் ஒரே முகம். செய்தியைப் பெற்றவன் கையில் இருக்கும் தாளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அனுப்பியவன் கோப்பில்தான் பிரிக்க முடியும். அந்தக் கோப்பு கராச்சியில்.

கிருஷ்ணன் விரித்த வலையையும் முழுதாகப் பார்க்க வேண்டும். டெலிபோன் அழைப்பு போக, சந்தையில் ரேஷன் ஆர்டர் ஒன்று. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு 160 மைல் அப்பால் அனுப்பி, விமானந்தாங்கி போலவே வானொலியில் ஓயாமல் பேசவைத்தது இரண்டு. விக்ராந்தின் மாலுமி ஒருவர் உடல்நலமில்லாத தன் தாயாரைப் பற்றி விசாரிப்பதுபோல, மறைகுறியில்லாத தனிப்பட்ட தந்தி ஒன்றை விட்டது மூன்று. ஒன்று வாய்ப்பேச்சு, ஒன்று வானலை, ஒன்று தந்தி. மூன்றும் வெவ்வேறு பாதை. மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் ஒற்றனின் சொல்லை வேறொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். உளவுத்துறைக்காரர்கள் உலகெங்கும் இன்றும் கடைப்பிடிக்கும் விதிதான். கராச்சியில் இருந்தவர்கள் அந்த விதியை மீறியவர்களாக எனக்குத் தோன்றவில்லை. அதன்படி நடந்தே ஏமாந்திருக்கலாம். காய்கறி வியாபாரிக்கு வானொலி இயக்குபவரைத் தெரியாது. வானொலிக்காரருக்குத் தாயார் தந்தி தெரியாது. ஒருவரையொருவர் அறியாதவர்கள்தான். மூன்று பேர் வாயிலும் சொல்லை வைத்தது ஒரே ஆள் என்பதுதான் வித்தியாசம். சாட்சிகள் எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை, ஊற்று எத்தனை என்று எண்ண வேண்டும். இதைக் குறளின் குறையாகச் சொல்லவில்லை. விதி தெரிந்த எதிரிக்கு எதிராக அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்கிறேன்.

*

சரி, மதிப்பு. பெரும்பாலான எழுத்துகள் காஜி மூழ்கியதையே வரவில் எழுதிவிடுகின்றன: தந்திரத்தின் பலன், ஒரு நீர்மூழ்கி. இதில் எனக்கு உடன்பாடில்லை. ராஜ்புத் துறைமுகத்தைவிட்டு வெளியேறும்போது போட்ட ஆழ்வெடிகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியாலோ, உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ மூழ்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. ஓய்வுபெற்ற இந்தியக் கடற்படை அதிகாரிகள் சிலருக்கே முதல் விளக்கத்தில் சந்தேகம் உண்டு. 2024-இல் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜியின் உடலைக் கண்டறிந்தது, தொடாமல் விட்டுவிட்டார்கள். சரியான முடிவு, அது கல்லறை. எது உண்மையானாலும், வெடிப்பைத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. ஒருவனைத் தவறான தெருவுக்கு அனுப்பியது என் சாமர்த்தியம். அங்கே அவன் தடுக்கி விழுந்தது என் சாமர்த்தியமல்ல.

தந்திரத்தின் வரவு வேறு. எதிரியின் ஆயுதம் தவறான இடத்தில் நின்ற காலம் எவ்வளவோ அதுதான். 1944-இல் நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கியபிறகும், உண்மையான தாக்குதல் கலேயில்தான் வரும் என்று நம்பி ஜெர்மனியின் பதினைந்தாம் படை அங்கேயே காத்துக்கிடந்தது. அப்படி நம்பவைத்த தந்திரத்தை அளந்தவர்கள் கொன்ற தலைகளை எண்ணவில்லை. நகராத படைப்பிரிவுகளையும் கழிந்த வாரங்களையும் எண்ணினார்கள். அதே முழக்கோலை இங்கே வைத்தால், காஜி விசாகப்பட்டினத்துக்குத் திருப்பப்பட்டது நவம்பர் 25; இறந்தது டிசம்பர் 4 பிறந்த சில நிமிடங்களில். எட்டு நாள் சொச்சம். அதிலும் முழுப்போர் நடந்த நேரம் என்று பார்த்தால் டிசம்பர் 3 அந்தியிலிருந்து நள்ளிரவுவரை, ஆறு ஏழு மணிநேரம்தான்! மறுநாள் காலை விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கியபோது வேட்டைக்காரன் உயிரோடில்லை.

செலவுப் பத்தியையும் யாரும் எழுதுவதில்லை. காஜி ஒரு குண்டுகூடச் சுடாமல், வெறும் 'வரலாம்' என்ற நிலையிலேயே விக்ராந்தை மதராஸிலிருந்து கிளப்பி அந்தமானுக்கு விரட்டிவிட்டது. மூன்று வாரம் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் தீவு மறைவில் ஒதுங்கி நின்றது. கராச்சியில் யாராவது நேர்மையாகக் கணக்கு எழுதியிருந்தால் அதைத் தங்கள் வரவில் வைத்திருப்பார்கள்.

தகவல் சரியாகவே இருந்து பயன்படாமல் போனதற்கும் அதே போரில் உதாரணம் உண்டு. டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று இருக்கிறது என்பது மேற்குக் கடற்படைக்குத் தெரியும். தெரிந்துதான் குக்ரி, கிர்பான் என்ற போர்க்கப்பல்களை வேட்டைக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 9 இரவு ஹங்கோர் நீர்மூழ்கி குக்ரியை மூழ்கடித்தது. கேப்டன் முல்லா உட்பட 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் கப்பலோடு போனார்கள். இருப்பது தெரிந்தது, அதை எட்டிப்பிடிக்கும் சோனார்தான் பலமாக இல்லை. கீகன் சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் உண்மையாகிறது.

இந்த ஹார்பருக்கே இரண்டு பழைய கணக்குகள் பாக்கியிருக்கின்றன. 1914 செப்டம்பர் 14-க்குள் எம்டன் வங்காள விரிகுடாவில் கப்பல்களை மூழ்கடித்து வருவது கல்கத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. 22-ஆம் தேதி இரவு அது மதராஸுக்கு வந்தபோது துறைமுக விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சரியான தகவல் எட்டு நாள் முன்னால் கிடைத்தும் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லையென்றால் அதன் மதிப்பு என்ன? 1942 ஏப்ரல் இதற்கு நேரெதிர். கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது, ஜப்பானியப் படை மதராஸில் இறங்கப்போகிறது என்ற தகவலை நம்பி அரசாங்கம் அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றியது, நகரம் காலியானது, மிருகக்காட்சிசாலையின் புலி சிங்கங்களைச் சுட்டுக்கொன்றார்கள். ஜப்பானியர் வரவில்லை. எம்டனைப் பற்றிய நினைவில்லாமல் 1942-இன் பீதியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஒருமுறை விளக்கை அணைக்காத ஊர் மறுமுறை ஊரையே அணைத்துவிட்டது.

*

மறுபடி அந்த டெலிபோனுக்கு வருகிறேன். அது ஒட்டுக்கேட்கப்பட்டு நம்பப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்க வேண்டும்? விக்ராந்த் மதராஸுக்கு வருகிறது என்பது பொய்யின் சாரம். அதை நம்பும் கராச்சி, மதராஸுக்கு வெளியே ஏற்கெனவே நிற்கும் காஜியை அங்கேயே காத்திரு என்றல்லவா சொல்லியிருக்கும்? நவம்பர் 25-ஆம் தேதி நடந்தது தலைகீழ். காஜியை மதராஸிலிருந்து பிடுங்கி 600 கிலோமீட்டர் வடக்கே அனுப்பினார்கள். விக்ராந்த் இப்போது விசாகப்பட்டினத்துக்கு வெளியே நிற்கிறது என்ற முன்பாதியை மட்டும் கேட்டு நம்பியிருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். அப்படியானால் செய்தியில் துறைமுகத்தில் இருக்கிறது என்று வந்திருக்காது. நான் படித்த இடங்களில் அழைப்புக்குத் தேதி போடப்படவில்லை. எந்தத் தேதியை வைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. 25-க்கு முன் என்றால் கராச்சி அதை நம்பவில்லை. பின் என்றால் அதற்குள் காஜி போயிருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. காஜியை மதராஸுக்குக் கொண்டுவந்தது ஓர் உண்மை, தாமதமாக வந்த உண்மை. அதை மதராஸிலிருந்து கிளப்பியது மதராஸில் விதைத்த பொய்யல்ல. விசாகப்பட்டினத்துச் சந்தையிலும் அதற்கு அப்பால் வானலையிலும் விதைத்தது, அல்லது அக்டோபர் மாதத்து வேறொரு பழைய உண்மை. கிருஷ்ணன் இரண்டு ஊரிலும் தூண்டில் போட்டார். மீன் ஒன்றில்தான் கடித்தது. போர்ட் டிரஸ்டிடம் கேட்ட பெர்த், உஷார்ப்படுத்தப்பட்ட கான்டிராக்டர், திகைத்துப்போன அதிகாரி ஆகியவற்றின் மதிப்பாக என் பேரேட்டில் பூஜ்ஜியம்தான் விழுகிறது. விசாகப்பட்டினத்துக் காய்கறி ஆர்டருக்கு எட்டு நாள் எழுதலாம். அதுவும் அந்த ஆர்டர் நவம்பர் 25-க்கு முன்னால் கொடுக்கப்பட்டிருந்தால்.